பூனையின் உகிரும் இல்லத்துப் பொருளும்

சென்னையினின்று பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்பூதூர் எனப்படும் ஸ்ரீபெரும்புதூருக்கு இப்பால் உள்ளது இருங்காட்டுக்கோட்டை. பெயரிற் காடும் கோட்டையும் இருப்பினும் இக்காலத்து ஆங்குக் காணப்படுவன தொழிற்சாலைகளே. 1996ஆம் ஆண்டு ஹுண்டாய் மோட்டார் நிறுவனம் நிலைகொண்டு, 1998ஆம் ஆண்டு தன் முதற் காரை வெளியிட்ட பின்னர், அவ்விடம் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் கூடி வாழும் இடமாயிற்று. அவர்கட்கென நிரைநிரையாக எழுந்த வாடகை வீடுகளில் மனிதரோடு பூனையும் குடிபுகுந்தது. எலியை ஒழிக்கும்பொருட்டுச் சிலர் அதனை வரவேற்றனர்; குழந்தைகளின் வேண்டுகோளுக்கு இணங்கிச் சிலர்; அதுவே வந்து தங்கிவிட்டமையால் வேறு சிலர். இம்மூவருள்ளும் கடைசி வகையினரே மிகுதியென்பது யாம் கண்டது.

இவ்வில்லங்களில் பூனையைப் பற்றி எழும் வழக்கு பெரும்பாலும் ஒன்றே. அது பாலைக் குடித்தது என்பதன்று. பொருளைக் கீறிற்று என்பதே. தவணையில் வாங்கிய சோபாவின் கைப்பிடி நார்நாராய்க் கிழிந்து தொங்கும். வீட்டுக்காரர் புதிதாக வண்ணம் பூசிய கதவின் கீழ்ப்பாகத்திற் பத்துக் கோடுகள் விழுந்திருக்கும். இரவுவேலை முடித்து உறங்கி எழுந்த தொழிலாளர் தம் மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் தடவிப் பார்த்துப் பெருமூச்செறிவர். இந்நிலையில் வீட்டுக்காரர், "தம்பி, பூனையை விடுகிறாயா, வீட்டை விடுகிறாயா?" என்று வினவுவாராயின், விடை பெரும்பாலும் ஒரு சாக்கும் ஒரு கயிறுமாகவே முடியும். சாக்கிற் கட்டிய பூனை செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கமோ, ஆளில்லாத மனைநிலமொன்றிலோ அவிழ்த்து விடப்படும். சற்றே வசதியுடையோர் வேறொரு வழி கேட்பர். "மருத்துவரிடம் கொண்டுசென்று நகத்தையே எடுத்துவிட்டால் என்ன?" என்பது அவர் வினா.

அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். பூனையின் உகிரைக் களையாமலும், பூனையையே களையாமலும், இல்லத்துப் பொருளைக் காத்துக்கொள்ள வழியுண்டு. அவ்வழி அரிதுமன்று, பொருட்செலவு மிக்கதுமன்று.

முதற்கண் உகிர் என்பது யாதென அறிதல் வேண்டும். உகிர் பழந்தமிழ்ச்சொல், நகம் வடசொல். இரண்டும் மனிதர்க்கும் விலங்கிற்கும் பொதுவாக வழங்குதலால் ஈண்டு ஒரு மயக்கம் நேர்கின்றது. நம் நகம் விரலின் மேல் தட்டையாய்ப் படிந்து கிடப்பது. அதனை இழந்தாலும் விரல் எஞ்சும். பூனையின் உகிரோ அவ்வாறு படிந்ததன்று. அது விரலின் இறுதி எலும்பிலிருந்தே முளைத்து அவ்வெலும்போடு ஒன்றிநிற்பது. ஆகலின், மீண்டும் முளையாதபடி உகிரை எடுத்தல் வேண்டுமாயின் அவ்வெலும்பையும் எடுத்தே ஆகவேண்டும். நகம் எடுத்தல் என்று மென்மையாகக் கூறப்படுவது உண்மையில் விரல்தோறும் கடைசிக் கணுவை வெட்டி நீக்குதலேயாம். முன்னங்கால் ஒன்றிற்கு ஐந்து, பின்னங்கால் ஒன்றிற்கு நான்கு எனப் பூனைக்கு உகிர் பதினெட்டு. முன்னங்கால்களை மட்டும் அறுப்பினும் பத்து எலும்பு போம். மனிதர்க்கு இதனை ஒப்பிட்டுக் கூறின், பத்துக் கைவிரல்களையும் நகத்தை அடுத்த மூட்டோடு துணித்தல் போல்வது. மொழி பயில்வோராகிய எமக்கு, ஒரு சொல் இத்துணைக் கொடுமையை இத்துணை எளிதாக மறைத்துவிடுகின்றதே என்பது வியப்பாயிருக்கின்றது. இதற்கு விரல்நுனி வெட்டல் என்று பெயரிட்டிருப்பின் கேட்போர் தொகை பாதியாகக் குறைந்திருக்கும்.

பூனை குதிகாலை ஊன்றி நடப்பதன்று. விரல்களை ஊன்றி நடப்பது. அதன் உடற்பாரம் முழுவதும் அவ்விரல்களின்மேலேயே நிற்கின்றது. விரல்நுனி இழந்த பூனை நடையை மாற்றிக்கொள்ள நேரும். வலி நெடுநாள் நிலைத்தலும் உண்டு. மணலைத் தோண்டி மலத்தை மறைப்பது அதன் இயல்பாகலின், புண்பட்ட விரலால் மணலைத் தோண்ட அஞ்சி, மூலையிலும் படுக்கையிலும் கழிக்கத் தலைப்படுவதும் நிகழும். உகிரின்றித் தற்காக்க இயலாமையால் பல்லை முன்னினும் விரைவாகப் பயன்படுத்துவதும் உண்டு. சோபாவைக் காக்கப் புகுந்தவர் படுக்கையையும் தம் கையையும் இழந்த கதையாக இது முடிதல் கூடும்.

இக்காரணங்களால் பல நாடுகள் இதனை விலக்கின. வளர்ப்பு விலங்குகளைக் காத்தற்கென 1987ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, மருத்துவக் காரணமின்றி உகிர் களைதலைத் தடுக்கப்பட்ட செயல்களுள் ஒன்றாக வைத்தது. இசுரவேல் 2011இல் தடைச்சட்டம் இயற்றிற்று. இவ்வழக்கம் நெடுங்காலமாக மிகுந்திருந்த அமெரிக்க ஐக்கிய நாட்டில், 2019ஆம் ஆண்டு நியூயார்க்கு மாநிலம் முதன்முதலாக இதனைத் தடைசெய்தது.

நம் நாட்டுச் சட்டம் இதன் பெயரைச் சுட்டி விலக்கவில்லை. ஆயினும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கை உறுப்புக்குறை செய்தலைக் குற்றமெனக் கூறுகின்றது. விலக்குகள் எவையெவை என்பதையும் அப்பிரிவே உரைக்கின்றது; மாட்டின் கொம்பு நீக்கல், காயடித்தல், சூடிடுதல், மூக்கணாங்கயிறு இடல் ஆகியவை ஆங்கு உள. பூனையின் விரல் ஆங்கு இல்லை. ஆகலின் சோபாவின் பொருட்டு விரலை வெட்டுதல் அப்பிரிவினுள் அடங்கும் என்பதே எம் துணிபு. இச்சட்டத்திற்கு வித்திட்டவர் நம் சென்னையைச் சார்ந்த ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற அவர் தாமே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார்; அம்முயற்சியின் பயனாகவே அரசினர் இச்சட்டத்தை இயற்றினர். நாட்டியக் கலைக்குக் கலாக்ஷேத்திரத்தைத் தந்த கை, பேசாவுயிர்க்கு இதனைத் தந்தது. சாக்கிற் கட்டி விட்டுவருவோரும் அப்பிரிவை ஒருமுறை நோக்குதல் நன்று. பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறுமாறு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலும் ஆங்குக் குற்றமே. ஆனால் முதன்முறைக் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் உள்ளது. ஏரிக்கரை வரை ஆட்டோவிற்குக் கொடுக்கும் கூலி அதனினும் மிகுதி!

நிற்க. பூனை ஏன் கீறுகின்றது? பகையாலோ குறும்பாலோ அன்று. உகிர் அடுக்கடுக்காய் வளர்வது. மேலடுக்கு மங்கியபின் கீழிருந்து கூரிய புதிய அடுக்கு தோன்றும். பழைய உறையைக் கழற்றுதற்குக் கீறுதல் வேண்டும். பூனை வழக்கமாகக் கீறும் இடத்தின் அடியில் தேடுவோர் பிறைவடிவான சிறு உறைகளைக் கண்டெடுக்கலாம். உகிரே உதிர்ந்ததென அஞ்சவேண்டுவதில்லை. இஃது ஒரு காரணம். உறங்கியெழுந்தவுடன் முன்னங்காலை உயரத் தூக்கி ஊன்றி, முதுகையும் தோளையும் நீட்டி முறுக்குதல் மற்றொன்று. மூன்றாவது, இடத்திற்கு உரிமை கூறல். விரல்களின் இடையே மணச்சுரப்பிகள் உள. கீறுங்கால் கண்ணுக்குத் தெரியும் கோடும், நமக்குத் தெரியாது பிற பூனைக்குத் தெரியும் மணமும் ஒருங்கே பதிகின்றன. நாம் வாயிலிற் பெயர்ப்பலகை தொங்கவிடுகின்றோம். பூனை அதனைக் கதவின்மேலேயே எழுதிவிடுகின்றது, அவ்வளவே வேற்றுமை.

மோட்டார் சைக்கிள் இருக்கை ஏன் இத்துணை விரும்பப்படுகின்றது என்பதும் இதனால் ஒருவாறு விளங்கும். அது நாடோறும் வீட்டின் எல்லையில் நிற்கின்றது. ஏறி அமர்தற்கு இசைந்த உயரமும் உகிர் எளிதிற் பாயும் மென்மையும் உடையது. ஊரெல்லாம் சுற்றி அயல்மணம் ஏற்றுத் திரும்புகின்றது. அம்மணத்தின்மேல் தன் மணத்தை நிறுவாது பூனை எங்ஙனம் உறங்கும்?

கீறுதல் இவ்வாறு உடலுக்கும் வாழ்வுக்கும் இன்றியமையாததாகலின், அதனை நிறுத்துதல் இயலாது. இடம் மாற்றுதலே இயலும். அடித்தல் அச்சத்தை வளர்க்குமேயன்றிப் பழக்கத்தை மாற்றாது. அடிபட்ட பூனை, கீறுதல் தவறு என்று கற்பதில்லை. இன்னார் இருக்குங்கால் கீறலாகாது என்றே கற்கின்றது. அவர் வேலைக்குச் சென்றபின் வீடு முழுவதும் அதனுடையதே. நீரைத் தெளித்தலும் அதே பயனையே தரும்.

இனி, கீறுதற்கென ஒரு தூண் செய்தலைக் கூறுவோம். கடைகளிற் பஞ்சும் பொம்மையும் தொங்கும் தூண்கள் விற்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் குட்டையாயும் இலேசாயும் இருத்தலின் வளர்ந்த பூனைக்கு உதவுவதில்லை. பூனை பின்னங்காலில் நின்று உடலை முழுவதும் நீட்டுதற்குத் தூண் ஏறத்தாழ மூன்றடி, அஃதாவது 90 சென்டிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும். உடற்பாரத்தை ஏற்று அசையாது நிற்றலும் வேண்டும். ஒருமுறை ஆடிச் சாய்ந்த தூணைப் பூனை மறுமுறை நம்பாது. அசையாத சோபாவிற்கே திரும்பும்.

இதற்கு வேண்டுவன இருங்காட்டுக்கோட்டையில் எங்கும் கிடைக்கும். தொழிற்சாலைகட்கு வரும் எந்திரங்களும் உறுப்புகளும் மரச்சட்டங்களின்மேல் ஏற்றப்பட்டு வருகின்றன. அச்சட்டங்கள் உடைந்தபின் பழைய மரக்கடைகளில் விலைக்கு வரும். அவற்றுள் ஒரு நேரிய கட்டையைத் தேர்க. துருவேறிய ஆணி நீட்டிக்கொண்டிருத்தலும், எண்ணெயோ மருந்தோ ஊறிய நாற்றம் வீசுதலும் ஆகா. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்தற்கு வீட்டுக்காரர் இசையார். ஆகலின் கட்டையைக் காலியான எண்ணெய்த் தகரத்தினுள் நிறுத்திச் சிமெண்டும் மணலும் கலந்த கலவையால் நிரப்பி இறுகவிடுக. தூண் தன் பாரத்தாலேயே நிற்கும். வீடு மாறுங்கால் உடன் எடுத்துச் செல்லவும் ஆகும். பின்னர்த் தேங்காய்நார்க் கயிற்றை அடிமுதல் முடிவரை இடைவெளியின்றி நெருக்கிச் சுற்றி, இரு முனைகளையும் இறுகக் கட்டுக. நைலான் கயிறு வேண்டா. அது வழுக்கும், உகிரைச் சிக்கவைக்கவும் செய்யும். கயிறு கிடையாவிடில் கோணிச்சாக்கை மடித்துச் சுற்றினும் போதும். சாக்கு பூனையைக் கட்டி அனுப்புதற்கு மட்டும் பயன்படுவதன்று.

சில பூனைகள் நின்று கீறுவதினும் தரையிற் கிடந்து கீறுதலை விரும்பும். எது கீறப்பட்டது என்பதை நோக்கின் அவ்விருப்பம் விளங்கிவிடும். மிதியடியும் பாயும் கிழிந்திருப்பின், அட்டைப்பெட்டியை விரலகல நீண்ட துண்டுகளாக அறுத்து, உள்வரிகள் மேல்நோக்கி நிற்க நெருக்கிக் கட்டித் தரையில் வைக்க. அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமுள்ள வீடு இப்பக்கத்தில் எமக்குத் தெரிந்து இல்லை.

தூண் செய்தல் எளிது. அதனை நிறுத்தும் இடமே பலர் பிழைக்கும் இடம். தூண் அழகன்று எனக் கருதி மொட்டைமாடியிலோ குளியலறை மூலையிலோ வைத்துவிட்டுப் பூனை அதனைத் தொடவில்லை என்பர். பெயர்ப்பலகையை எவர் குளியலறையில் மாட்டுவர்? எப்பொருள் கீறப்படுகின்றதோ அதன் அருகிலேயே, பூனை உறங்கி எழும் இடத்திற்கு அணித்தாக, வீட்டினர் நடமாடும் வழியில் நிறுத்துக. சோபாவின் கைப்பிடி கீறப்பட்டதாயின் தூண் அக்கைப்பிடியை ஒட்டி நிற்கட்டும். அதேகாலத்துக் கைப்பிடியை வழவழப்பான பிளாஸ்டிக் தாளால் மூடுக, அல்லது இருபுறமும் ஒட்டும் நாடாவை ஒட்டுக. உகிர் பாயாத இடமும், காலில் ஒட்டும் இடமும் பூனைக்குப் பிடியா. மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே முறை: இருக்கையைத் தார்ப்பாயால் மூடி, வண்டி நிற்கும் இடத்தின் அருகே சாக்குச் சுற்றிய கட்டையொன்றை நிறுத்துதல். பூனை சில கிழமைகள் தவறாது தூணையே நாடியபின், நாளுக்குச் சிறிதாக வேண்டிய இடத்திற்கு நகர்த்தலாம். ஒரே நாளில் அறைவிட்டு அறை மாற்றின் முன்னைய உழைப்பெல்லாம் வீணாகும். பூனை இரண்டாயின் தூணும் இரண்டாதல் வேண்டும்.

புதிய தூணைப் பூனைக்கு அறிமுகஞ் செய்தற்கு நம் தெருவோரத்திலேயே ஒரு துணை உண்டு. குப்பைமேனிச் செடியை அறியாதார் இரார். அதற்குப் பூனைவணங்கி என்பது மற்றொரு பெயர். அதன் வேரைப் பிடுங்கி வெளிப்படுத்தின், பல பூனைகள் அதனை மோந்து, முகத்தை உரைத்து, புரண்டு களிக்கும். மேனாட்டார் இதன்பொருட்டே வேறொரு செடியின் இலையை உலர்த்தி விற்கின்றனர்; நம் பக்கத்துப் பூனைப்பிரியர் சிலர் அதனைத் தபாலில் வருவிக்கவும் செய்கின்றனர். செடிக்குப் பெயரிட்ட நம் முன்னோர் பூனையை நன்கு நோக்கியிருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று. குப்பைமேனி வேரைக் கழுவித் தூணின் கயிற்றில் அழுந்தத் தேய்த்தல் போதும். உண்ணக் கொடுத்தல் வேண்டா. எல்லாப் பூனையும் இதற்கு மயங்கும் எனவும் கூறுதற்கில்லை. மயங்காத பூனையை ஒரு நூலின் நுனியில் இறகு கட்டித் தூணின்மேல் ஆட்டி விளையாட்டால் ஈர்க்கலாம். பூனையின் காலைப் பிடித்துத் தூணில் தேய்த்துக் கற்பித்தல் ஒருபொழுதும் ஆகாது. அதனை அது தண்டனையெனவே கொள்ளும்.

உகிரின் நுனியை நறுக்குதலும் பெருந்துணை. இது களைதலன்று; நாம் நகம் வெட்டிக்கொள்வது போன்றதே. பூனையின் உகிர் ஓய்வுகாலத்தில் உறையுள் அடங்கியிருக்கும்; வேண்டுங்கால் தசைநாரின் இழுப்பால் வெளிப்படும். அடங்கியிருத்தற்கு முயற்சி வேண்டா, வெளிப்படுத்தற்கே வேண்டும் என்பது உணரத்தக்கது. படையை உறையிலிடுதலையே இயல்பாகப் பெற்ற இவ்விலங்கைக் கொடியதென்பது பொருந்துமா? அணித்தேயுள்ள திருப்பெரும்பூதூர் இராமாநுசர் தோன்றிய ஊர். அவர் வழிவந்தோருள் ஒரு சாரார், குட்டி யாதொரு முயற்சியும் செய்யாதிருக்கத் தாய்ப்பூனை தானே அதனைக் கவ்விச் செல்லுதலை இறைவனருளுக்கு உவமையாக எடுத்தாண்டனர். கிறித்தவராகிய யாமும் அவ்வுவமையின் இனிமையை உணர்கின்றோம். எலியைக் கொல்லும் அதே பல் குட்டியின் கழுத்தில் ஒரு வடுவும் செய்வதில்லையன்றோ!

நறுக்கும் முறை வருமாறு. பூனை உண்டு களைத்துத் துயிலுங்கால் மடியில் இருத்தி, விரலின் மேலும் கீழும் மெல்ல அழுத்தின் உகிர் வெளிப்படும். வெளிச்சத்தில் நோக்கின் அடிப்பாகத்தில் இளஞ்சிவப்பு நிறம் தெரியும். ஆங்கே குருதியும் நரம்பும் உள. அதனை அணுகாது வெண்ணிறமாக வளைந்த கூர்நுனியை மட்டும் நறுக்குக. கருநிற உகிரில் அச்சிவப்புத் தெரியாதாகலின் மிகச் சிறிதே நறுக்கல் வேண்டும். ஒரே அமர்வில் எல்லா விரலையும் முடிக்கவேண்டும் என்பதில்லை. இன்று இரண்டு, நாளை இரண்டு ஆயினும் குறையில்லை. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை இதனைச் செய்துவரின் கீறலின் ஆழம் பெரிதும் குறையும். கை நடுங்குவோர் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை செய்து காட்டச்சொல்லிக் கற்றுக்கொள்ளலாம். உகிரைக் கத்தியாலோ சவரத் தகட்டாலோ சீவுவோரையும் யாம் கண்டுளோம்; அது வேண்டா.

பொருளைக் கீறியதற்கு இவ்வளவு கூறினோம். மனிதரைக் கீறியதற்குச் சிறிது கூறல் வேண்டும். அதனை எளிதாக எண்ணி மஞ்சளைத் தடவி விட்டுவிடுதல் நம்மவர் வழக்கம். பூனை தன் காலை நக்குவதாகலின் உகிரில் உமிழ்நீர் படிந்திருக்கும். வெறிநோய் நாயினால் மட்டும் வருவதன்று. கீறல் எத்துணைச் சிறிதாயினும் ஓடும் நீரிற் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ சென்று தடுப்பூசி பற்றிக் கேட்டல் வேண்டும். குருதி கசிந்த கீறலாயின் தடுப்பூசியோடு காயத்தில் இடும் வேறொரு மருந்தும் வேண்டியதாகும். அதனை மருத்துவரே முடிவு செய்வர். இல்லத்துப் பூனைக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி இடுவித்தலும் கடமை. 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றதும் இன்று வேப்பேரியில் உள்ளதுமான சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நெடுஞ்சாலைப் பேருந்தில் சென்று வரத்தக்க தொலைவிலேயே இருக்கின்றது. சாக்கில் ஏரிக்கரை செல்லும் பூனை, காற்றோட்டமுள்ள கூடையில் ஆங்குச் செல்லலாம்.

இறுதியாகத் தூணைப் பற்றியே ஒரு குறிப்பு. சில திங்களில் கயிறு நைந்து பிசிர் பிசிராகத் தொங்கும். விருந்தினர் முன் நாணம் தரும் தோற்றம் அடையும். வீட்டைத் தூய்மை செய்வோர் முதலில் கையிடுவதும் அதன்மேலேயே. ஆனால் பூனைக்கு அதுவே மிக உகந்த நிலை. அதன் கோடும் மணமும் முற்றும் படிந்தது அப்பழங்கயிறே. அதனை முழுதும் அவிழ்த்து எறிந்தால் பூனை மறுநாளே கதவை நாடும். மேற்பாதிக்கு மட்டும் புதுக்கயிறு சுற்றிக் கீழ்ப்பாதியைப் பழையபடி விடுக. புதியது நைந்தபின் கீழ்ப்பாதியை மாற்றலாம்.